வகுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டு

மந்திரப் பள்ளிக்கூடக் கதை என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாரி பாட்டர்தான். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த வரிசையின் முதல் நூல் 1997இல் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், டயானா வின் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 'விட்ச் வீக்' என்றொரு நாவல் எழுதினார். அளவில் சின்னது, விஷயத்தில் கனமானது.

கதை நடப்பது இங்கிலாந்தில்தான், ஆனால் நாம் அறிந்த இங்கிலாந்து அல்ல. 1605இல் கை ஃபாக்ஸ் கூட்டத்தார் நாடாளுமன்றத்துக்கு அடியில் வைத்த வெடிமருந்து நம் வரலாற்றில் வெடிக்கவில்லை, அங்கே வெடித்துவிட்டது. அன்று பிரிந்துபோன உலகம் அது. அங்கே மந்திரசக்தி உள்ளவர்கள் ஏராளம். பிடிபட்டால் உயிரோடு எரித்துவிடுவார்கள்.

லார்வுட் ஹவுஸ் என்ற விடுதிப் பள்ளியில் பூகோள நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கிறது. இந்த வகுப்பில் சூனியம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. அவ்வளவுதான், வகுப்பே மாறிவிடுகிறது. கயிறு ஏறத் தெரியாத குண்டுப் பெண் நான் பில்கிரிம், யாரோடும் ஒட்டாத சார்லஸ் மார்கன் என்று, ஏற்கெனவே ஒதுங்கி நிற்பவர்கள் பக்கமே விரல் நீளுகிறது. நிருபம் சிங் என்று நம் நாட்டுப் பெயருள்ள பையனும் வகுப்பில் உண்டு. அவனுடைய அண்ணன் எரிக்கப்பட்டவன்.

நாவலின் மிகச் சிறந்த பகுதி, என் கணக்கில், அந்த நாட்குறிப்புகள். பிள்ளைகள் தினமும் எழுதியாக வேண்டும். அவை அந்தரங்கமானவை என்று சொல்லப்படுகிறது. ஆசிரியர்கள் படிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சார்லஸ் சாதுவான வாக்கியங்களாகவே எழுதுகிறான். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு மட்டும் தெரிந்த வேறு பொருள். பிள்ளைகளை வேவு பார்த்தால் அவர்கள் ஒழுக்கம் கற்பதில்லை, ஒளிக்கத்தான் கற்கிறார்கள். ஆசிரியை இதைப் பிரசங்கம் செய்யாமல் வேடிக்கையாகவே காட்டிவிடுகிறார்.

1998இல் வந்த ஹாரி பாட்டரின் இரண்டாம் நூலிலும் பள்ளி முழுக்கச் சந்தேகம்தான். பாம்பைத் தடுக்க ஹாரி பேசுகிறான். மற்றவர்கள் காதில் விழுவது வெறும் சீறல். வேறு மொழி பேசினோம் என்பதே அவனுக்குத் தெரியாது! பஸ்ஸில் பாட்டியோடு போனில் தமிழ் பேசிவிட்டு, "என்னடா உளர்றே?" என்று கேட்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் உடனே புரியும். ஆனாலும் ரவுலிங் நமக்கு ஒரு நிம்மதி வைத்திருக்கிறார்: ஹாரி நிரபராதி, உண்மைக் குற்றவாளி பிடிபடுவான். ஜோன்ஸ் அந்த நிம்மதியைத் தருவதில்லை. இங்கே சந்தேகம் சரிதான். நானும் சார்லஸும் நிஜமாகவே மந்திரக்காரர்கள். சார்லஸ் நல்லவன்கூட இல்லை, சைமன் என்ற பையன்மேல் அவன் ஏவும் மந்திரம் சுத்தப் பழிவாங்கல். ஆக "நான் எதுவும் செய்யலையே" என்று வாசகர் தப்பிக்க முடியாது. அந்தச் சட்டமே நியாயமா என்று யோசித்துத்தான் ஆகவேண்டும்.

முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. கிரெஸ்டோமான்சி என்ற பெரிய மந்திரவாதி வருகிறார், உலகங்கள் ஒன்றாகின்றன, பயம் மறைந்துவிடுகிறது. அந்தக் கொடிய உலகத்திலேயே இருந்து அதைத் திருத்தும் வேலையிலிருந்து கதை நழுவிவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். தொடர் வரிசையில் ஒன்றானாலும் தனியாகவே படிக்கலாம். ஒன்று மட்டும்: தலைமை மேஜையில் உட்கார்ந்து நான் பில்கிரிம் சாப்பாட்டை வர்ணிக்கிற இடத்தைச் சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.