ஆளுக்கு ஒரு வாக்கு: கிறிஸ்தவ ஆளுமைவாதமும் சந்தையும்

தாராளவாத முதலாளித்துவம் மனிதரைத் தன்னலம் கணக்கிடும் தனியராகவும், உழைப்பை விலைக்கு வாங்கும் சரக்காகவும் காண்கிறது. 1930களில் பிரான்சின் சிந்தனையாளர்களான எமானுவல் மூனியே, ஜாக் மாரித்தேன் ஆகியோர் இதைக் கடுமையாக மறுத்தனர். பிறரோடு கொள்ளும் உறவிலேயே மனிதர் நிறைவடைகிறார், எவரையும் வெறும் கருவியாக்கக் கூடாது என்ற அவர்களது கிறிஸ்தவ ஆளுமைவாதம், ஆளை அரசுக்குள் கரைத்துவிடும் கூட்டுவாதத்தையும் அதே காரணத்தால் ஏற்கவில்லை. மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதியதும் இந்த மரபில்தான். ஆயினும் முதலாளியின் மனசாட்சியிடம் வைக்கும் வேண்டுகோளாக நிற்கும்வரை இந்த அறத்துக்கு வலுவில்லை. உடைமையையும் முடிவெடுக்கும் உரிமையையும் தொடும்போதே அது செயலாகிறது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோன்ட்ராகோன் இதற்குச் சான்று. மாரித்தேனையும் மூனியேயையும் ஆழ்ந்து கற்ற அருட்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா 1941இல் அங்கு வந்து தொழிற்பள்ளி ஒன்றை உருவாக்கினார். அவருடைய மாணவர்கள் 1956இல் உல்கோர் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவுகளில் பங்குத்தொகை எதுவாயினும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. தொடக்க காலத்தில் உச்ச ஊதியம் கடைநிலை ஊதியத்தின் மூன்று மடங்கைத் தாண்டவில்லை. 1959இல் சொந்த வங்கியும் எழுந்தது. மனித மாண்பு இங்கே நிறுவன விதியாகவே எழுதப்பட்டது.

உல்கோரின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் திவாலானதைக் காட்டி, அறம் போட்டியில் தாக்குப்பிடிக்காது என்பார்கள். ஆனால் கடனும் சரிந்த சந்தையும் சாதாரண நிறுவனங்களையும்தான் வீழ்த்துகின்றன. ஃபாகோரின் உறுப்பினர் பலருக்கோ மோன்ட்ராகோனின் மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. போலந்திலும் பிரான்சிலும் ஃபாகோர் வாங்கிய ஆலைகளின் தொழிலாளர்கள் உறுப்பினராக்கப்படவில்லை. வாக்கின்றிக் கூலிக்கு உழைத்தனர். உழைப்பின் முதன்மையை எழுதிய திருத்தந்தையின் தாய்நாடான போலந்திலேயே இது நடந்தது. உலகப் போட்டி அப்படி விரியச் செய்தது என்ற விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மாண்பு மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உரியது என்று சொல்லும் அறம், அதை உறுப்பினர் அட்டையோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

இரண்டாம் ஜான் பாலின் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடல் சந்தையை ஏற்றதால் திருச்சபை முதலாளித்துவத்தோடு சமரசமாகிவிட்டது என்று கத்தோலிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் நோவாக் போன்றோர் வாசித்தனர். ஆனால் அந்த ஏற்பு, பொருளாதாரச் சுதந்திரத்தை உறுதியான சட்டக் கட்டமைப்புக்குள் வைத்து மனித விடுதலைக்குப் பணியாற்றச் செய்யும் அமைப்புக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தைத் தனி ஒரு கூட்டுறவால் இயற்ற முடியாது. உழைப்போருக்கு உடைமையிலும் நிர்வாகத்திலும் பங்கு தரும் பொதுச் சட்டத்துக்காக ஆளுமைவாதம் அரசியல் களத்தில் போராட வேண்டும். அதைத் தவிர்த்தால், அது சந்தைக்கு நற்சான்று எழுதும் அறமாகச் சுருங்கிவிடும்.