மயிற்பீலியும் நாட்டுக் கடனும்

திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரமாகிய வலியறிதல், போருக்குரியது என்றே வகுப்பறைகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணைவலி ஆகியவற்றைச் சீர்தூக்கிச் செயற்படுக என்று அது தொடங்குவதால் இக்கருத்து வேரூன்றியது. ஆயின், அதன் இறுதி நான்கு குறட்பாக்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். அங்கே வாளும் வேலும் இல்லை. வரவும் செலவுமே உள்ளன. அளவறிந்து ஈதலும், வரவு சிறிதாயினும் செலவு விரியாதிருத்தலும் அங்கே பேசப்படுகின்றன. கருவூலத்தின் வலியும் அரசின் வலியே என்பது இவ்வமைப்பால் பெறப்படும். பொருட்பாலில் அரசியலுக்குள் வைக்கப்பட்ட இக்குறட்பாக்களை இல்லறச் சிக்கனத்திற்கு மட்டும் உரியனவாகச் சுருக்குதல் நூலாசிரியர் கருத்துக்கு நீதி செய்வதாகாது.

இவ்வளவுகோலை நம் நாட்டின் மீது வைத்துப் பார்ப்போம். மலேசிய அரசாங்கக் கடன் பத்திரங்களுக்குரிய சட்ட வரம்பு, உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 55 விழுக்காடாக இருந்தது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல் அது 60 ஆகவும் 2021-இல் 65 ஆகவும் உயர்த்தப்பட்டது. தொழிற்கூடங்கள் மூடிக் கிடந்தபோது கடன் பெற்றேனும் குடிகளைக் காத்தது குற்றமாகாது. பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறவாத அரசு, அரசு அன்று.

எனினும் அதே அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டி ஒன்றும் வருகிறது. பீலி மெல்லியதுதான், அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும். ஒவ்வொரு முறையும் ஐந்தே விழுக்காடு என்பது பீலியின் மென்மையையே நினைவூட்டுகிறது. ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். கடன் வரம்பு என்பது வண்டியின் பலகையில் இட்ட கோடு; அஃது அச்சு அன்று. கோட்டை உயர்த்துவதால் அச்சு வலுப்பெறுவதில்லை. அச்சின் நிலையைக் காட்டுவது வட்டிச் சுமையே. 2024-இல் கூட்டரசு பெற்ற ஒவ்வொரு நூறு வெள்ளி வருவாயிலும் 15 வெள்ளிக்கு மேல் கடன் வட்டிக்கே சென்றது. அவ்வளவும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லாத பணமாகும்.

2023-இல் இயற்றப்பட்ட பொது நிதி, நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இவ்வகையில் வரவேற்கத்தக்கது. கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும் கொணர வேண்டுமென அது விதிக்கிறது. நெருக்கடியில் விலக நேர்ந்தால், காரணத்தையும் மீளும் வழியையும் நாடாளுமன்றத்தில் வைத்தல் வேண்டும். வரம்பை உயர்த்துவோர் இறங்கும் படியையும் காட்டுக என்பதே இதன் உயிர்க்கருத்து. 2021-இல் 6.4 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 2024-இல் 4.1 ஆகக் குறைந்தது.

குறைத்தது போதுமா? போதாது, எவர் தோளில் குறைத்தோம் என்பதும் வினாவாகும். இறைமாட்சி அதிகாரம் இயற்றல், ஈட்டல், காத்தல் என்பவற்றோடு நில்லாது, வகுத்தலையும் அரசின் கடமையாக்குகிறது. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாயிற்று. செல்வரும் துய்த்த பொது மானியத்தைக் குறைத்தது முறையே. தகுதியுடைய சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவித்தது வகுத்தலின் பாற்பட்டது. ஆனால், குளுவாங் வட்டாரத்தில் சில ஏக்கர் செம்பனையை நம்பி வாழ்பவர், அவ்வுதவிக்குப் பதிவு செய்ய அறியாது விடுபட்டால், அவர் அளவில் அது வெறும் விலையேற்றமே. வளர்ச்சிச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்னும் அச்சட்டத்தின் விதியும் இதனாலேயே இன்றியமையாததாகிறது. பள்ளிக் கட்டடத்தை நிறுத்திப் பற்றாக்குறையை மூடுவது, விதைநெல்லை விற்று வட்டி கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆதலின், தமிழாசிரியர் இவ்வதிகாரத்தை இனிப் போர்ப் பாடமாக மட்டும் நடத்தாமல், வரவுசெலவுத் திட்டத்தையும் உடன்வைத்து நடத்துவாராக. வண்டியில் ஏற்றியது எவ்வளவு, அச்சு தாங்குவது எவ்வளவு, இறக்கும்போது எவர் பங்கு முதலில் இறங்குகிறது என்று கேட்கக் கற்ற மாணவனே வள்ளுவரைக் கற்றவனாவான்.