தேறாத மாணவன்

கணித மேதை ராமானுஜன் பரீட்சையில் தேறாத கதையை நாம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பரீட்சை வெறும் அசட்டுத்தனம் என்று நிரூபிக்க அது வசதியான கதை. பழி முழுவதும் பரீட்சையின் தலையில் விழுந்துவிடுகிறது. வகுப்பில் நின்ற ஆசிரியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் கலாசாலையில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. அந்த வீட்டுக்கு அது எப்பேர்ப்பட்ட இடி என்று விவரிக்க வேண்டியதில்லை. 1905-ல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலை. அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரோடு உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். பெரிய மனசுதான். என்றாலும் எஃப்.ஏ. பரீட்சையில் ராமானுஜன் கடைசிவரை தேறவே இல்லை.

மாணவனுக்கு வல்லமை இருக்கிற இடத்தில் அவனோடு உட்கார எந்த ஆசிரியருக்கும் ஆசை வரும். பலவீனம் இருக்கிற இடத்தில் யார் உட்காருவது? ராமானுஜனை இடறிய பாடங்களில் உடலியலும் ஒன்று. இன்னொருவனுக்கு அது இங்கிலீஷாக இருக்கும். முதல் பரீட்சையிலேயே இது தெரிந்துவிடும். காலியாகக் கிடக்கும் பெஞ்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போதே தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா கஷ்டம்?" என்று கேட்க மேதாவிலாசம் வேண்டாம். கேட்டபின் ஒரு சின்ன வேலை, அதற்கு ஒரு தேதி, அந்தத் தேதியில் மறக்காமல் வாங்கிப் பார்ப்பது. இவ்வளவுதான். இரக்கப்பட்டு மார்க்கை அள்ளிப் போடுகிறவர், விழப்போகிறவனை அடுத்த வருஷம் விழச் சொல்லி அனுப்பிவைக்கிறார்.

1913-ல், கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, பட்டமில்லாத ராமானுஜனுக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. விதிகள் வளையும் என்று அன்று தெரிந்தது. ஆனால் எந்த ஹார்டியும் கடிதம் எழுதப்போகாத மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். மேதைகள் அல்ல, சாதாரணப் பிள்ளைகள். அவர்கள் படிப்பை விட்டுப் போனால் சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட மிஞ்சாது. அந்தக் காலி பெஞ்சியை முதலில் பார்க்கிறவர் வகுப்பு ஆசிரியர்தான். கூப்பிட்டுக் கேட்க வேண்டியவரும் அவர்தான்.