கணக்கு யார் பெயரில்?

வடசென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் சரக்கு ஏற்ற வரும் லாரி இரண்டு தடவை எடை மேடையில் ஏறி இறங்கும். வெறும் வண்டியாக ஒரு தடவை, கம்பியோ தகடோ ஏற்றிக்கொண்டு ஒரு தடவை. இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் சரக்கு. வண்டி எவ்வளவு தூரம் ஓடி வந்தது, முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. நூலகர்களுக்குச் சமூக ஊடகக் கருவிகளைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளையும் இதே மேடையில் ஏற்றிப் பார்க்கலாம். பயிற்சிக்கு முன்னால் நூலகத்தில் என்ன இருந்தது, பின்னால் என்ன கூடியது?

இந்தக் கேள்வியைக் கேட்கச் சாத்தாங்காட்டுக்கு உரிமையும் உண்டு. ஜார்ஜ் டவுன் தெருக்களை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு வணிகத்தை இங்கே கொண்டுவருவதற்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அமைத்த சந்தை இது. இங்குள்ள ஒவ்வொரு கிடங்கின் சொத்துவரியோடும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்ந்து போகிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் காட்டிய வழி அது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாக வந்த நூலகச் சட்டமும் அதுதான். ஆக, நூலகருக்குத் தரும் பயிற்சியில் இரும்புக் கடைக்காரரின் காசும் இருக்கிறது.

சமூக ஊடகத்தை நூலகர்கள் முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய கதை அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஆரம்பிக்கிறது. 2006இல் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலன் புளோவர்ஸ் ‘23 விஷயங்கள்’ என்ற திட்டத்தை வகுத்தார். ஒன்பது வாரம், இருபத்துமூன்று சின்னச் சின்ன வேலைகள். வலைப்பூ தொடங்கு, ஃபிளிக்கரில் படம் தேடு, செய்தியோடைக்குச் சந்தா சேர், விக்கியில் ஒரு வரி திருத்து என்று ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம். முடித்தவருக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு. பாடத்திட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று திறந்தே வைத்துவிட்டதால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நூலகங்கள் அதைத் தமக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொண்டன.

அதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ ஒரு நிபுணர் வந்து குளிரூட்டிய அறையில் படம் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டோடு அனுப்பிவைக்கும் பயிற்சிகளை நாம் அறிவோம். அந்தப் பழக்கத்தை இது உடைத்தது. மேலதிகாரி முதல் புத்தகம் அடுக்குபவர் வரை எல்லோருக்கும் ஒரே பாடம். தப்பு செய்தால் யாரும் முறைப்பதில்லை. விளையாடிப் பார் என்பதே அதன் மந்திரம். பணியிடத்திலேயே, அவரவர் வேகத்தில், கைபட்டுக் கற்றார்கள். இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்களுக்கு அந்த மிரட்சி போனதே பெரிய லாபம்.

விளையாடிக் கற்பது நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்குப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு பேரங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாய்ப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. அறிவுத் துறைகளையும் இப்படிப் பூட்டிக் காட்டலாமே என்று பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. ஆனால் ஊர் திரும்பியவர் அந்தப் பொம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டே நாளைக் கழிக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். மறு வருடமே நூலகர்களுக்குக் கோடைப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அவர் மனத்தில் தோன்றிய எண்ணம் பகுப்பு எண்ணாகி அலமாரியில் ஏறியது. அவர் நூலகத்தை விட்டுப் போன பிறகும் அங்கேயே இருந்தது.

இங்கேதான் ‘23 விஷயங்கள்’ சறுக்குகிறது. அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் பாதி, மூடிய கடைகளின் விலாசம். செய்தியோடை படிக்கச் சொன்ன பிளாக்லைன்ஸ் இல்லை. சுட்டிகளைச் சேமிக்கச் சொன்ன டெலிஷியஸ் பல கை மாறி 2017இல் கதவடைத்தது. ஃபிளிக்கர் இருக்கிறது, ஆனால் 2019 முதல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று வரம்பு வந்தபோது, நம்பி அதில் கொட்டிவைத்தவர்கள் அலைந்தார்கள். நம் பக்கத்திலும் ஆர்குட் 2014இல் போனது. டிக்டாக் 2020 ஜூனில் ஒரே ராத்திரியில் தடைபட்டது. கருவியின் பெயரைப் பாடமாக வைத்தால், கருவி சாகும்போது பாடமும் கூடவே பாடையேறும்.

இதைப் பிரிட்டன் நூலகர்கள் ஓரளவு உணர்ந்தார்கள். 2011இல் அவர்கள் நடத்திய ‘சிபிடி 23’ என்ற வடிவத்தில் ட்விட்டரும் ஈவர்நோட்டும் இருந்தன. கூடவே மூத்தவரிடம் வழிகாட்டல் கேட்பது, தொழில்முறை அமைப்புகளில் சேர்வது, செய்த வேலையை நின்று யோசித்து எழுதுவது போன்றவையும் எண்ணிக்கையில் சேர்ந்தன. கருவி மாறினாலும் மாறாத பழக்கங்கள் அவை. ஆனாலும் இருபத்துமூன்று என்ற எண் மாறவில்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவருக்கு எதிலும் ஆழம் கிட்டாது என்ற குறையும் அப்படியே தங்கியது.

ஆழம் ஏன் வேண்டும்? ஒரு கிளை நூலகத்தை எண்ணிக்கொள்வோம். திருவொற்றியூர்ப் பக்கம், மணலி சாலைக்கு உள்ளே, டிரெய்லர் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் இடம். பணியில் ஒரே ஒரு நூலகர். காலையில் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிகள். பகல் முழுக்கக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். நூலகர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்த உற்சாகத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார். புதிய புத்தகத்தின் அட்டைப் படம், தேர்வு அறிவிப்பு, வாசகர் வட்டக் கூட்டம் எல்லாம் அதில் வருகின்றன. நல்ல காரியம். ஒரு வாரத்தில் ஒரு பெண் விலகிக்கொள்கிறாள். குழுவில் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதும், தெரியாத ஒருவனிடமிருந்து ‘ஹாய்’ வந்தது என்பதும் நூலகருக்குப் பிறகுதான் எட்டுகிறது.

அதே வாட்ஸ்அப்பில் 2023 முதல் ‘சேனல்’ என்றொரு வசதி இருக்கிறது. பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ‘அந்தப் புத்தகம் வந்துவிட்டதா சார்’ என்று வாசகர் குழுவில் கேட்பது போல அதில் கேட்க முடியாது. ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் எண்ணும் தெரியாது, பதிலும் போடலாம். நூலகரின் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். மூன்றும் ஒரே செயலிக்குள் இருக்கும் மூன்று கதவுகள். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாரைத் தடுக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் தொழில் அறிவு. எல்லா வாசகருக்கும் அவரவர் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தாரே, அந்த விதி இன்று இந்த இடத்தில்தான் சோதனைக்கு வருகிறது. இருபத்துமூன்று கருவிகளை வரிசையாகக் காட்டும் பயிற்சி இந்தச் சந்துக்குள் நுழைவதே இல்லை.

இன்னொரு நோய் 2020 ஊரடங்கில் பரவியது. நூலகங்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில் இணையக் கருத்தரங்குகளும் வினாடி வினாக்களும் பெருகின. பத்துக் கேள்விக்குப் பதில் தட்டினால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழும். அவற்றில் நல்ல உரைகளும் இருந்தன. வெளியூர்ப் பயணம் போக முடியாத நூலகர், குறிப்பாக வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள், முதல்முறையாகப் பெரிய அறிஞர்களை நேரே கேட்டார்கள். அந்த வாசல் திறந்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் சான்றிதழை எண்ணுகிற பழக்கமும் அதே வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. எடை மேடையில் காகிதத்தின் எடை மட்டும் தெரிந்தது.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். ஆழமான குறை வேறொன்று. நம் கிளை நூலகர் மூன்று வருடம் பாடுபட்டு வளர்த்த குழு யார் பெயரில் இருக்கிறது? அவருடைய சொந்த எண்ணில், அவர் காசு போட்டு வாங்கிய போனில், அவரே ரீசார்ஜ் செய்யும் டேட்டாவில். ஒருநாள் பணியிட மாறுதல் ஆணை வருகிறது. நூல் சேர்க்கைப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, மேசை, நாற்காலி, மின்விசிறி வரை எண்ணிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பட்டியலில் குழு இல்லை. சில மாதத்தில் அது பொங்கல் வாழ்த்தும் காலை வணக்கமும் ஓடும் இடமாகிறது; பிறகு அதுவும் நிற்கிறது. புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதில் நூலகர் மேல் பிழை சொல்ல எதுவும் இல்லை. தன் ஓய்வு நேரத்தையும் தனிப்பட்ட எண்ணையும் கொடுத்தவர் அவர். ராத்திரி பதினொரு மணிக்கும் வாசகருக்குப் பதில் சொன்னவர். பிழை, கற்பதை ஆளோடு கட்டி, இடத்தோடு கட்டாமல் விட்ட முறையில் இருக்கிறது. தொழில் வளர்ச்சி என்ற சொல்லில் தொழிலாளியின் வளர்ச்சி மட்டுமே எண்ணப்படுகிறது. தொழில் நடக்கும் இடம் விட்டுப்போகிறது. நூலகத்தின் பேரில் ஒரு சிம் கார்டு, அதில் ஒரு பிசினஸ் கணக்கு, கடவுச்சொல் எழுதி உறையிட்டு மாவட்ட நூலக அலுவலகத்தில் ஒரு படி, ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி. செலவு அதிகமில்லை. ஆனால் எந்தப் பயிற்சியின் நிகழ்ச்சி நிரலிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இருபத்துமூன்றில் எது நின்றது என்று பார்த்தாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. விக்கி நின்றது. காரணம், அதில் எழுதுவது எழுதியவர் பெயரில் பூட்டப்படுவதில்லை; அடுத்தவர் வந்து தொடரலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பலானதை நினைவில் சுமந்த ஒரு சமூகம், 2005இல் ‘நூலகம்’ என்ற மின்நூலகத்தைத் தொடங்கியது. அதன் அடித்தளம் விக்கி மென்பொருள். நாடு நாடாகச் சிதறிய தன்னார்வலர்கள் வந்தார்கள், போனார்கள். ஏற்றிய பக்கங்கள் நின்றன. ஆள் மாறினாலும் தொகுப்பு மாறாமல் வளர்கிறது என்றால் அங்கே கற்றல் இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாத்தாங்காட்டுப் பக்கத்து நூலகர் ஒருவர் தன் வாசகர் வட்டத்தை வைத்துக்கொண்டு இதைச் சிறிய அளவில் செய்யலாம். ஜார்ஜ் டவுனிலிருந்து சந்தை இடம் பெயர்ந்தபோது வந்த முதல் தலைமுறை வணிகர்கள், பாரம் தூக்கியவர்கள், பக்கிங்காம் கால்வாயில் படகு போனதைப் பார்த்த முதியவர்கள், விம்கோ தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். காலையில் பேப்பர் படிக்க வருபவர்களிலேயே இரண்டு பேர் தேறுவார்கள். போனில் அவர்கள் குரலைப் பதிந்து, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை விட்டு எழுத்தாக்கி, அனுமதி வாங்கி, நிலையான ஓர் இடத்தில் ஏற்றினால் அது நூலகத்தின் சொத்து. அதற்குத் தேவையான கருவிகள் மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் கேட்கும் பொறுமை, வகைப்படுத்தும் கை, எது யாருடையது என்ற உரிமை அறிவு. மூன்றும் நூலகரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டிய சரக்கு.

இதை ஊர் நினைவுக்கான பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. இப்படியொரு இரவில் போன்தான் அறிவிப்புப் பலகை. எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, படம் எந்த வருடத்தது, யாரை நம்பி எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துச் சொல்ல, ஊர் ஏற்கெனவே நம்பும் ஓர் எண் வேண்டும். மூலத்தைத் தேடிச் சரிபார்ப்பது நூலகரின் ஆதித் தொழில். ஆனால் அந்த நம்பிக்கை ஒரு ராத்திரியில் முளைக்காது. வருடக்கணக்கில் மாறாத ஒரே எண்ணிலிருந்து சரியான செய்தி வந்து பழகியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செத்துப் பிறக்கும் குழுவால் அது ஆகாது.

ஆக, கருவிப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயம் தெளிய அது வேண்டும். விளையாட்டு அதில் இருந்தால் இன்னும் நல்லது. நடத்துபவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கலாம். பயிற்சி முடிந்து ஒரு வருடம் கழித்து, சான்றிதழ் வாங்கியவர் மாறுதலில் போன பிறகு, அந்த நூலகத்துக்கு யாரையாவது அனுப்புங்கள். மேசையில் இருப்பவரிடம், இங்கே வாசகரோடு பேசும் எண் எது என்று கேட்கச் சொல்லுங்கள். தன் சட்டைப் பையிலிருக்கும் போனை எடுத்துக் காட்டினால் வண்டி வெறுமையாகத்தான் வெளியே வந்திருக்கிறது. ஒப்படைப்புப் பட்டியலைப் புரட்டி, மின்விசிறிக்கு அடுத்த வரியில் விரல் வைத்தால் சரக்கு ஏறியிருக்கிறது.