மாட்டுக் கிணறும் மனுசக் கிணறும்
'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தை முன்வைத்து

பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறாள். சேரியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன பிள்ளை. "அண்ணா, நீங்க எம்.ஏ. தமிழ்தானே, இதக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று ஒரு புத்தகத்தை நீட்டினாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எல்லாப் பிரிவு மாணவர்களும் இரண்டாம் பருவத்தில் படிக்கவேண்டிய 'தமிழரும் தொழில்நுட்பமும்'. ஒரு கிரெடிட். அய்ந்து அலகு, 15 பீரியட். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்குத் தொழில்நுட்பத்தோடு சமூகத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதனால்தான் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அதை வாசிக்கிறேன்.

முதல் அலகு நெசவும் பானையும். கருப்பு சிவப்புப் பாண்டம், பாண்டத்தில் கீறிய குறியீடு. நாங்கள் இருப்பது விருத்தாசலம், பீங்கான் ஊர். பொம்மையும் ஜாடியும் சூளையில் வெந்து வெளியே போகிற ஊர். மண் மாவுத் தூசியை மூச்சில் இழுத்து வேலை செய்கிறவர்களைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, பானை மட்டும் இருக்கிறது, வனைந்த கையைக் காணோம். சரி, போகட்டும்.

நான்காம் அலகில்தான் எனக்கு வயிறு எரிந்தது. அணை, ஏரி, குளம், மதகு, சோழர் காலக் குமிழித் தூம்பின் முக்கியத்துவம். அதையடுத்து, கால்நடைகளுக்காக வடிவமைக்கப்பட்ட கிணறுகள். மாடு குடிப்பதற்கென்று கிணறு வெட்டிய தமிழனின் கருணையைப் பிள்ளைகள் படிக்கவேண்டும். படிக்கட்டும். மனுசன் தொடக்கூடாது என்றிருந்த கிணறு எந்த அலகில் வருகிறது? 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது நீர்த் தொழில்நுட்ப வரலாறு இல்லையா? அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பவர்களுக்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் நம் ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தொட்டி, குழாய், மோட்டார் எல்லாம் நவீனம்தான்.

இன்னொன்று. மின் மோட்டார் வருவதற்கு முன் எங்கள் பக்கம் கவலை இறைப்பு. சாலின் அடியில் தைத்த தோல் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். என் தாத்தா தைத்த தோல் ஊர்க்காரன் கிணற்றுக்குள் நாளெல்லாம் முங்கி முங்கி எழுந்தது. அப்போது தீட்டில்லை. தைத்த கை வாளி போட்டால் தீட்டு. இந்தப் பாடத்தில் இரும்பு உண்டு, செம்பு உண்டு, சங்கு மணி, எலும்பு மணிகூட உண்டு. தோல் இல்லை. முதல் பருவத்து 'தமிழர் மரபு' பாடத்தில் பறை வருகிறதே என்பார்கள். இசைக்கருவிகளின் வரிசையில் வருகிறது, தோலைப் பதப்படுத்தும் அறிவாக வரவில்லை.

கடைசி அலகு கணித்தமிழ். மின்நூலகம், இணைய அகராதி, சொற்குவை. எல்லாம் சரி, தமிழன் செய்த மென்பொருளில் வீட்டுக்கு வீடு நுழைந்தது எது? கல்யாணத் தளம். சென்னையிலிருந்து நடக்கிற பாரத் மேட்ரிமோனி நிறுவனம் சாதிவாரியாகத் தனித்தனித் தளங்களே வைத்திருக்கிறது. தரகர் வாயால் கேட்ட கேள்வி இப்போது பட்டியலாகத் திரையில் விரிகிறது, ஒன்றைத் தொடு என்கிறது. அந்தப் பட்டியலை எழுதியது ஒரு புரோகிராமர்தான். இந்தப் பிள்ளையும் நாளைக்கு அப்படியொரு வேலையில் உட்காரலாம். அந்தக் கட்டம் ஏன் இருக்கிறது என்று கேட்க எந்தப் பீரியடில் கற்றுக்கொடுத்தோம்?

இதை விருத்தாசலத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் நம்மாள், கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டிக்க 2021 செப்டம்பர் வரை ஆனது, அதில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில்.

இன்ஜினியர் ஆனால் சாதி விடும் என்று நம் ஆத்தாக்கள் நம்பித்தான் கம்மலை அடகு வைக்கிறார்கள். கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின் மேல் 2020 ஜூனில் அரசுத் துறையே வழக்குப் போட்டது, தலித் பொறியாளர் ஒருவரை மேலதிகாரிகள் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்று. நிறுவனம் மறுத்தது. இரு அதிகாரிகள் மீதான வழக்கு 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கு எப்படியோ போகட்டும். ஐ.ஐ.டி.யில் நீ இடஒதுக்கீட்டில் வந்தவன்தானே என்ற பேச்சு கடல் தாண்டியும் பின்னால் வந்தது என்பதுதான் புகாரின் சாரம்.

பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "குமிழித் தூம்ப மடைய யாருண்ணா தொறப்பாங்க, தண்ணிக்குள்ள முங்கித்தான?" என்றாள். முங்கித்தான், எத்தனையோ ஊரில் ஏரிக்கு நீர்க்கட்டியாக நின்றது நம்ம ஆளுங்கதான் என்றேன். பென்சிலால் புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டாள். இந்தப் பாடம் நடத்துகிற தோழர்கள் 15 பீரியடில் ஒன்றையாவது இப்படித் திருப்பியிருந்தால் எழுதுங்கள், வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து.