வெகுளியும் அச்சமும்: ‘28 டேஸ் லேட்டர்’ படமும் அதன் இரண்டாம் பாகமும்

டேனி பாயில் இயக்கிய ‘28 டேஸ் லேட்டர்’ (2002), யுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னாடில்லோ இயக்கிய ‘28 வீக்ஸ் லேட்டர்’ (2007) ஆகியன ஒரே கதையின் முதற்பாகமும் இரண்டாம் பாகமும் ஆகும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ திரையில் காட்டிய பிணங்கள் மெல்ல நடந்து வந்தன. இப்படங்களில் வருவோரோ பிணங்கள் அல்லர். ஓடிவந்து தாக்கும் உயிருள்ள நோயாளிகள். ஆயினும் திறனாய்வாளர் இவற்றை நடைப்பிணப் படங்களின் வரிசையிலேயே வைத்துப் பேசுவர். நோயின் பெயர் வெகுளி. தொல்காப்பியர் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்த வெகுளியும் அச்சமும் இங்கு ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன. இரு படங்களையும் ஒப்பிட இதுவே ஏற்ற இடம் எனலாம்.

முதற்பாகத்தில் நோயுற்றவன் சில நொடிகளில் தன்னிலை இழக்கிறான். எனவே செலினா, உடன்வந்த மார்க்கை ஒரு கணமும் தயங்காது வெட்டிக் கொல்கிறாள். படத்தின் இறுதியில், பெண்களைத் தம் வீரர்களுக்கு உரியவராக்க முனையும் படைத்தலைவர் வெஸ்டின் மாளிகையில், ஜிம் ஒரு வீரனின் கண்களில் கட்டைவிரல்களை அழுத்திக் கொல்கிறான். அவனுக்கு நோய் இல்லை. குருதி தோய்ந்து நிற்கும் அவனைக் கண்டு செலினா அரிவாளை ஓங்குகிறாள். ஆனால் வெட்டாது தயங்குகிறாள். நோயுற்றவனையும் நலமுற்றவனையும் பிரித்தறிய இயலாத அத்தயக்கமே முதற்பாகத்தின் உயிர்நிலை.

இரண்டாம் பாகத்தின் தொடக்கம் இதற்கு நேர்மாறானது. ஒரு வகையில் இதனை விஞ்சுவது. நாட்டுப்புற வீடொன்றில் ஒளிந்திருக்கும் டான், நோயாளிகள் நுழைந்தபோது, சிறுவனைக் காக்க முயலும் மனைவி ஆலிசைக் கைவிட்டுச் சாளரம் வழியே குதித்து ஓடுகிறான். முதற்பாகத்தில் ஜிம்மின் வெகுளிக்குத் துணைநின்ற ஜான் மர்ஃபியின் இசையே இங்கு டானின் ஓட்டத்திற்கும் ஒலிக்கிறது. அவன் செய்தது கொடுமையா, இயல்பா? அவ்விடத்தில் நாமாயின் என்ன செய்திருப்போம்? பின்னர்த் தன் பிள்ளைகளிடம் அவள் இறந்ததைத் தானே கண்டதாகப் பொய் கூறுகிறான். பத்து நிமிடங்களுக்குள் இவ்வளவு கனமான அறச்சிக்கலை எழுப்பிய நடைப்பிணப் படங்கள் மிகச் சில.

ஆனால் படம் இச்சிக்கலைத் தாங்கவில்லை. ஆலிஸ் உயிருடன் மீட்கப்படுகிறாள். நோய் அவளை வீழ்த்தவில்லை, ஆயினும் அவள் உடலில் தங்கியுள்ளது. டான் மன்னிப்பு வேண்டி அவளை முத்தமிடுகிறான். அம்முத்தமே அவனுக்கு நோயைத் தருகிறது. இது அரிய கற்பனை. அடுத்த கணமே அவன் அவள் கண்களில் விரல்களை அழுத்திக் கொல்கிறான். செயல் ஜிம் செய்ததே. எனினும் நலமுற்றவன் செய்தபோது வினாவாக நின்றது, நோயுற்றவன் செய்யும்போது வெறும் நோய்க்குறியாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு விடை கூறவேண்டிய தந்தை மறைந்து, அவர்களைப் படம் முழுதும் தேடித் துரத்தும் பேய் எஞ்சுகிறது. நோயுற்றவனுக்கு நினைவு எஞ்சாது என்ற முதற்பாகத்தின் விதியும் இதனால் தளர்கிறது. குற்றவுணர்வைச் சுமக்கவேண்டிய ஆளையே கதை நீக்கிவிட்டது என்பதே இப்பாகத்தின் பெருங்குறை.

ஈடாக அமைவது படைமுகாம்ப் பகுதி. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைத் தொல்காப்பியம் குறிக்கும். முதற்பாகம் விலங்கையும் கள்வரையும் காட்டியது; இரண்டாம் பாகம் நான்காவதைக் காட்டுகிறது. மக்களை இலண்டனில் மீள்குடியேற்றிக் காக்கவந்த அமெரிக்கப் படை முதலில் நோயாளிகளை மட்டும் சுடுகிறது. கூட்டத்தில் பிரித்தறிய இயலாதபோது அனைவரையும் சுட ஆணை பிறக்கிறது. செலினாவின் தயக்கம் இங்கு ஓர் அரசின் தயக்கமின்மையாக மாறியிருப்பது நோக்கத்தக்கது. ஆணையை மறுத்துத் தன் இடத்தைவிட்டு இறங்கும் டாயில் என்னும் வீரனிடம் மட்டும் அத்தயக்கம் மீள்கிறது.

நோய் பாரிசை அடைந்ததாக இரண்டாம் பாகம் முடிந்தது. 2025இல் பாயிலே மீண்டும் இயக்கிய ‘28 இயர்ஸ் லேட்டர்’, ஐரோப்பாக் கண்டத்திலிருந்து நோய் விரட்டப்பட்டதாகத் தொடக்க வாசகத்திலேயே கூறி, அம்முடிவைக் கடந்து செல்கிறது. டானின் பிள்ளைகள் அதில் இடம்பெறவில்லை.