நட்சத்திரத்துக்கு முதல் புஸ்தகம்

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறிக் கல்லூரியில் சேரும் பையனுக்கு வான் பௌதிகத்தில் ஆசை வந்தால், அட்டையில் 'அறிமுகம்' என்று போட்ட நூலைத்தான் முதலில் தேடுவான். அது புரியாமற் போனால் நூலைக் குறை சொல்லமாட்டான்; தன் மூளையைத்தான் நொந்துகொள்ளுவான். ஆகவே, முதல் நூல் விஷயத்தில் நான் கண்டிப்புக்காரன்.

சந்திரசேகர் 1939-ல் வெளியிட்ட நூலும் பெயரளவில் நட்சத்திர அமைப்புக்கு அறிமுகந்தான். மகத்தான நூல். ஆனால் வெப்பவியல் விதிகளில் ஆரம்பித்துக் கணிதத்திலேயே நடக்கிறது. அது ஆராய்ச்சி மாணவனுக்கு. ஜேம்ஸ் ஜீன்ஸ் 1930-ல் எழுதிய 'மர்மப் பிரபஞ்சம்' இதற்கு நேர் எதிர். நடை சுகமாயிருக்கிறது, வாசகன் பென்சிலுக்குத்தான் வேலையில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பிராங்க் ஷூவின் 1982-ஆம் வருஷத்து நூலை நான் சிபாரிசு செய்வேன். காரணத்தைப் பேச்சு நடையில் விளக்கிவிட்டு, பாடத்தின் நடுவிலேயே கணக்கையும் வைக்கிறார்.

"சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே எடிங்டனின் பெரிய நூலைப் படிக்கவில்லையா?" என்று கேட்கலாம். படித்தார், அது அவருக்குப் பரிசாகக் கிடைத்த நூல். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அந்த முடிவை 1935-ல் பலர் முன்னிலையில் எதிர்த்தவர் அதே எடிங்டன்தான்!

என் உரைகல் இதுதான்: நல்ல முதல் நூல், ஆசிரியரோடேயே வாதாடும் தெம்பை வாசகனுக்குத் தரவேண்டும். வாங்குமுன் நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கை பென்சிலைத் தேடினால் வாங்குங்கள்.